பாய்மரத்தின் வயிற்றுக்குள்

என் படகின் பழைய அலுமினியப் பாய்மரத்தைக் கழற்றிக் கிடத்தியபோதுதான் அதன் நோய் தெரிந்தது. உச்சி விளக்கின் கம்பியை உரித்தால், உள்ளே செம்பு கறுத்துப் பொடியாக உதிர்ந்தது. எஃகுத் திருகுகள் இருந்த இடமெல்லாம் அலுமினியம் வெண்மாவாக அரித்திருந்தது. இரண்டு உலோகங்களுக்கு நடுவே உப்புநீர் புகுந்தால் அது மின்கலம்தானே!

புதிய பாய்மரத்துக்கு வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியையே வாங்கினேன். விலை உறுத்தியது, வாங்கிவிட்டேன். உள்ளே பிளாஸ்டிக் குழாய் பொருத்தி அதன் வழியே இழுத்தேன். இல்லாவிட்டால் படகு ஆடும்போதெல்லாம் கம்பி உட்சுவரில் தட்டி இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும் (பழைய பாய்மரம் பல வருடம் தாளம் போட்டது). அடியில் கம்பியை ஒரு தொங்கும் வளைவாக விட்டேன். வழிந்து வரும் மழைநீர் இணைப்புக்குள் போகாமல் அங்கேயே சொட்டிவிடும்.

கிரேன் வைத்துப் பாய்மரத்தை நிறுத்தி, விசையைத் தட்டினேன். உச்சி விளக்கு எரிந்தது. நடு விளக்கு எரியவில்லை. பல்பு என் சட்டைப்பையில் இருந்தது.