ஐத்தானா பொன்மத்தி: பந்து வருவதற்கு முன்பே முடிந்துவிடும் வேலை

ஸ்பெயினின் கால்பந்து மிட்ஃபீல்டர் (நடுக்கள ஆட்டக்காரர்) ஐத்தானா பொன்மத்தியின் ஆட்டத்தைப் பார்க்க உட்கார்ந்தால் பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். தொண்ணூறு நிமிடத்தில் ஒரு மிட்ஃபீல்டரின் காலில் பந்து இருப்பது கொஞ்ச நேரம்தான். மீதி நேரத்தில் அவர் செய்யும் வேலைக்குத்தான் 2023, 2024, 2025 என்று தொடர்ந்து மூன்று முறை, உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலன் டி'ஓர் விருது கிடைத்தது என்று உறுதியாகச் சொல்வேன். பெண்கள் கால்பந்தில் அந்த விருதை அவருக்கு முன் மூன்று முறை வாங்கியவர் யாருமில்லை.

பார்சிலோனா கிளப்பிலும் ஸ்பெயின் தேசிய அணியிலும் அவர் இடம் 4-3-3 அமைப்பின் (நான்கு டிஃபெண்டர், மூன்று மிட்ஃபீல்டர், மூன்று முன்வரிசை ஆட்டக்காரர்) நடு மூவரில் வலப்பக்கம். மூவரில் சற்றுப் பின்னால் நிற்பவர் பத்ரி கிஹாரோ, இடப்பக்கம் பெரும்பாலும் அலெக்ஸியா புத்தேயாஸ். பொன்மத்தி நிற்க விரும்புவது எதிரணி மிட்ஃபீல்டர்களின் முதுகுக்குப் பின்னால், டிஃபெண்டர்களுக்கு முன்னால், அவர்களுடைய இடது பேக்குக்கும் (இடது ஓர டிஃபெண்டர்) இடது சென்டர் பேக்குக்கும் (நடு டிஃபெண்டர்களில் இடப்பக்கம் நிற்பவர்) இடைப்பட்ட சந்தில். அங்கே அவரை யார் பிடிப்பது என்பது எதிரணிக்குத் தீராத குழப்பம். சென்டர் பேக் முன்னே வந்தால் அவர் விட்ட இடத்துக்குள் ஸ்ட்ரைக்கர் ஓடுவார். மிட்ஃபீல்டர் பின்னே இறங்கினால் கிஹாரோ தொல்லையில்லாமல் ஆடுவார்.

அந்தச் சந்தில் நிற்பது யாராலும் முடியும். அங்கே பந்தை வாங்கி முன்பக்கம் திரும்புவதுதான் கடினம், ஏனென்றால் எதிராளி எப்போதும் முதுகுப் பக்கமிருந்து வருவார். பொன்மத்தி பந்தை வாங்குவதற்குமுன் இரண்டு தோளுக்கும் மேல் பின்னால் பார்த்துவிடுகிறார். எந்த நேரத்தில் பார்க்கிறார் என்பதில் இருக்கிறது நுணுக்கம். பந்து ஒரு தோழியின் காலிலிருந்து இன்னொரு தோழியின் காலுக்கு உருண்டு போகும்போது அதன் திசையை யாராலும் மாற்ற முடியாது. அந்த ஒரு நொடி கண்ணை எடுத்தால் நஷ்டமில்லை. பாஸ் கொடுப்பவர் காலை ஓங்கிவிட்டபின் பார்த்தால் பந்து கிளம்பியதையே தவறவிடுவோம். இளம் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். சிலர் பழகிய ஒரு தோள்பக்கம் மட்டும் பார்ப்பார்கள், எதிராளி மறுபக்கத்திலிருந்து வந்து பந்தைத் தட்டிக்கொண்டு போவார். இன்னும் சிலருக்குத் தலை திரும்பும், கண் எதையும் பிடிக்காது. பயிற்சியாளர் சொன்னாரே என்று திருப்புகிற தலை அது.

அடுத்தது உடம்பு நிற்கும் கோணம். பாஸ் கொடுப்பவரை நேருக்கு நேர் பார்த்து நின்றால் வந்த வழியே பந்தைத் திருப்பி அனுப்பத்தான் முடியும். பொன்மத்தி பக்கவாட்டாக, பாதி திரும்பிய நிலையில் நிற்பார். பந்தைத் தன் முன்காலைத் தாண்டி ஓடவிட்டுப் பின்காலால் வாங்குவார். முதல் தொடுதலிலேயே பந்து எதிராளி வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக ஒரு எட்டு தூரம் போய்விடும். அவர் உயரமானவர் அல்ல. அடி எடுத்து வைப்பது சின்னச் சின்னதாக இருப்பதால், பெரிய எட்டு வைத்து வரும் டிஃபெண்டர் நிறுத்துவதற்குள் இவர் இரண்டு முறை திசை மாற்றியிருப்பார்.

2024 மே 25, பில்பாவோவில் பிரெஞ்சு கிளப் லியோனுக்கு எதிரான, ஐரோப்பிய கிளப்களின் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. 63-ஆவது நிமிடத்தில் சக ஆட்டக்காரர் மரியோனா கல்தெந்தேயின் பாஸை வாங்கி, டிஃபெண்டரைக் கடந்து அடித்தார். பந்து லியோனின் வனெசா ஜில் மேல் பட்டுத் திசை மாறி உள்ளே போனது. அதிர்ஷ்டம் என்று பலர் எழுதினார்கள். அந்த இடத்தில் திரும்பி அடிக்க அவகாசம் கிடைத்ததற்குக் காரணம் அதற்கு முன் நடந்தவை. பார்சிலோனா அன்று 2-0 என்று வென்றது; அதுவரை லியோனை அவர்கள் வென்றதே இல்லை.

இந்தப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுக்க நினைக்கும் பயிற்சியாளர்களுக்கு ஒரு எளிய பயிற்சி. 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு பேர், நடுவில் ஒருவர். நடுவில் இருப்பவரின் முதுகுக்குப் பின் நான்கைந்து மீட்டர் தள்ளி ஓர் உதவியாளர். பாஸ் கொடுப்பவர் காலை ஓங்குவதற்குச் சற்று முன்பே அவர் சிவப்பு அல்லது மஞ்சள் கோனை (பயிற்சிக் கூம்பு) கையில் தூக்குவார். சிவப்பு என்றால் எதிராளி நெருங்கிவிட்டார், பந்தைத் திருப்பிக் கொடு. மஞ்சள் என்றால் இடம் இருக்கிறது, திரும்பி மறுமுனைக்கு அனுப்பு. ஒரு சுற்றுக்கு 45 நொடி போதும், அதற்குமேல் கவனம் சிதறும். வாயால் "திரும்பு", "ஆள்" என்று கத்திக்கொண்டே இருந்தால் பயிற்சி வீண். காது வேலை செய்யத் தொடங்கியதும் கண் ஓய்வெடுத்துக்கொள்ளும். இரண்டு வாரத்துக்குப் பிறகு கோனை விட்டுவிட்டு நிஜ எதிராளியை வையுங்கள். கோனைத் தேடப் பழகியவர்கள் ஆட்டத்தில் ஆளைத் தேடுவதில்லை.

பொன்மத்தி 1998 ஜனவரி 18 அன்று பிறந்தவர், பார்சிலோனாவுக்குத் தெற்கே உள்ள சாந்த் பெரே தெ ரிபெஸ் ஊர்க்காரர். உள்ளூர் அணிகளில் பையன்களோடு ஆடி வளர்ந்தார். தன்னைவிட வேகமும் எடையும் அதிகமுள்ள பையன்கள் மோதுமுன் பந்தை விட்டுவிட வேண்டும் என்பதால், முடிவை முன்கூட்டியே எடுக்கும் வழக்கம் அங்கேயே ஊறியிருக்க வேண்டும். 2012-இல் பார்சிலோனாவின் இளையோர் அணிக்கு வந்தார். அப்போது இளையோர் தங்கிப் பயிலும் கிளப்பின் லா மாசியா விடுதியில் பெண்களுக்கு இடமில்லை. அந்தக் கதவு 2021-இல்தான் திறந்தது. பெற்றோர் கார் ஓட்டாதவர்கள் என்பதால் அப்பாவோடு பஸ்ஸிலும் ரயிலிலும் பயிற்சிக்குப் போய்வந்தார். அதே திறமையோடு, கூட்டிப்போக ஆளில்லாமல் நின்றுபோன சிறுமிகள் எத்தனை பேர் என்பதை நினைத்தால் மனசு கனக்கிறது.

2021-இல் கோத்தன்பர்க்கில் பார்சிலோனா செல்சியை 4-0 என்று வென்ற சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் ஒரு கோல் அடித்து ஆட்ட நாயகி ஆனார். 2022 ஏப்ரலில் பார்சிலோனாவின் காம்ப் நோ மைதானத்தில் ஜெர்மன் கிளப் வோல்ஃப்ஸ்பர்க்குடன் ஆடியபோது வந்திருந்தவர்கள் 91,648 பேர், மூன்றாவது நிமிடத்திலேயே முதல் கோல் இவருடையது. அதே ஆண்டு செப்டம்பரில், ஸ்பெயின் அணியில் நிலைமை மாறாதவரை ஆடமாட்டோம் என்று அந்நாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்புக்கு எழுதிய 15 பேரில் இவரும் ஒருவர். அவர்களில் 2023 உலகக் கோப்பைக்குப் போனவர்கள் மூவர் மட்டுமே: இவர், கல்தெந்தே, ஓனா பாட்லே. கிஹாரோ அங்கே இல்லை. குழுச் சுற்றில் ஜப்பானிடம் 0-4 என்று நொறுங்கிய அணி, அடுத்த ஆட்டத்தில் சுவிட்சர்லாந்தை 5-1 என்று வென்றபோது இரண்டு கோல் பொன்மத்தி அடித்தது. தொடரின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்தும் அவருக்கே.

2025 யூரோவுக்கு (ஐரோப்பிய நாடுகளின் கோப்பைப் போட்டி) சில நாள் முன்பு வைரஸ் மெனிஞ்ஜைட்டிஸுடன் (மூளை உறை அழற்சி) மருத்துவமனையில் படுத்திருந்தார். முதல் ஆட்டத்தில் கடைசி நேரத்தில் மட்டும் இறக்கினார்கள். அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராக 113-ஆவது நிமிடத்தில் அடித்த கோலைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். கோல் கம்பத்துக்கு மிகக் குறுகிய கோணம். அங்கிருந்து எல்லோரும் குறுக்கே பாஸ் கொடுப்பார்கள், கோல்கீப்பர் ஆன்-கட்ரின் பெர்கரும் அதையே எதிர்பார்த்து ஒரு எட்டு உள்ளே நகர்ந்திருந்தார். பந்து அருகிலிருந்த கம்பத்தை ஒட்டி உள்ளே போனது. பெர்கர் அந்தப் பக்கத்தைத் திறந்து வைப்பதை முன்பே கவனித்து வைத்திருந்ததாகப் பொன்மத்தி பிறகு சொன்னார். பெண்கள் கால்பந்தில் ஸ்பெயின் ஜெர்மனியை வென்றது அதுவே முதல் முறை. இறுதிப் போட்டியின் பெனால்டி ஷூட்அவுட்டில் அவர் அடித்ததை இங்கிலாந்தின் ஹானா ஹாம்ப்டன் தடுத்துவிட்டார், கோப்பையும் போனது.

2025 நவம்பர் 30 அன்று ஸ்பெயின் பயிற்சி முகாமில் இடது காலின் ஃபிபுலா (முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் இருக்கும் மெல்லிய எலும்பு) முறிந்தது, பிறகு அறுவைச் சிகிச்சை நடந்தது. குணமாக ஐந்து மாதம் ஆகும் என்று கணித்தார்கள். உடல் எடையைத் தாங்குவதில் ஃபிபுலாவின் பங்கு சிறியது. அதன் கீழ்நுனிதான் கணுக்காலின் வெளிச்சுவர் என்பதால், சட்டென்று நின்று திரும்பும் ஒருவருக்கு அது உயிர்நாடி. வலது காலால் அடிப்பவருக்கு ஊன்றுகிற காலும் இடதுதான். இத்தகைய முறிவுக்குப் பின் நேர்கோட்டு ஓட்டம் சீக்கிரம் வந்துவிடும், திரும்புதல் தாமதமாகத்தான் வரும். கெண்டைச்சதை இளைத்துப்போயிருக்கும்போதே அவசரப்பட்டு இறங்கினால் அடுத்து முழங்காலோ தொடைத்தசையோ விலை கொடுக்கும். காயத்துக்குப் பிந்தைய அவருடைய ஆட்டங்களில் கோல் கணக்கைவிட, இடது காலை ஊன்றி வலப்பக்கம் திரும்பும்போது தயங்குகிறாரா என்பதைக் கவனியுங்கள்.