சி சாவ் தேர்வு: அழுத்தாமல் ஒட்டியிருக்கக் கற்றது

விங் சுன் என்ற சீனத் தற்காப்புக் கலையின் இரண்டாம் நிலைத் தேர்வில் நான் தவறியது சி சாவில், அதாவது இருவர் முன்கைகளை ஒட்டியபடி செய்யும் பயிற்சியில். அதற்கு முன் எட்டு மாதம் சியு நிம் தாவ் என்ற முதல் அசைவு வரிசையைத் தினமும் செய்திருந்தேன். கை வடிவங்களில் சிஃபு (ஆசிரியர்) ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனால் எதிரே நின்றவரின் முன்கை என் முன்கையில் பட்டதும், அது நழுவிவிடுமோ என்ற பயத்தில் வெளிப்பக்கமாக அழுத்தினேன். அவர் சட்டென்று கையை எடுத்தார். என் கை அழுத்திய திசையிலேயே ஓட, அவருடைய உள்ளங்கை என் மார்பில் இருந்தது. மூன்று முறையும் இப்படியே.

சி சாவ் என்றால் ஒட்டும் கை. கையும் கையும் தொடும் இடத்தைப் பாலம் என்பார்கள்; இரண்டாவது வரிசையான சம் கியூவின் பெயருக்கே பாலம் தேடுதல் என்றுதான் பொருள். அவ்வளவு நெருக்கத்தில், கண்ணால் பார்த்துக் கையை நகர்த்துவதற்குள் அடி விழுந்துவிடும். தொடுகையில் வரும் சேதி அதற்கு முந்திக்கொள்ளும். இறுகிய கைக்கு அந்தச் சேதி எட்டாது.

தேர்வுக்குத் தயாராகிறவர்கள் ஒற்றைக் கைப் பயிற்சியைத் தயவுசெய்து அவசரமாகத் தாண்டாதீர்கள். ஒருவர் கை ‘தான் சாவ்’ என்ற நிலையில், உள்ளங்கை மேல் நோக்கி. மற்றவர் கை அதன்மேல் ஃபுக் சாவாகப் படிந்திருக்கும். முதலாமவர் உள்ளங்கையால் மார்பை நோக்கி அடிப்பார். மற்றவர் அதைக் கீழே அமர்த்தி, அங்கிருந்தே குத்துவார். முதலாமவர் முழங்கையை உயர்த்திப் போங் சாவால் அதைத் திருப்பிவிட்டுப் பழைய நிலைக்கு வருவார். தவறியபின் இரண்டு மாதம் இதை மட்டும் செய்தேன், பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டு. மணிக்கட்டால் தள்ளினால் தோள் இறுகுகிறது. முழங்கையை உடலிலிருந்து ஒரு முஷ்டி தூரத்தில், உடலின் நடுக்கோட்டை ஒட்டி வைத்து அங்கிருந்து மெல்ல முன்னோக்கினால் தோள் தளர்ந்தே இருக்கிறது. இது புரிய எனக்கு அத்தனை நாள் ஆயிற்று.

விங் சுன் ஆசான் இப் மன் 1950இல் ஹாங்காங்கில் கற்பிக்கத் தொடங்கிய வழியில் வந்தவர்கள் ஒரு வாய்ப்பாடு சொல்வார்கள்: வருவதை இருத்து, போவதைக் கொண்டுபோய் விடு, கை விடுபட்டால் நேரே பாய். வந்தவரை உட்காரச் சொல்லி, கிளம்புகிறவரை வாசல்வரை கொண்டுவிடுவது போல. மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தும் மூன்றாவது பகுதியில்தான் நான் விழுந்தேன். அழுத்தம் பக்கவாட்டில் இருக்கும் கை நேரே பாய வழியே இல்லை.

மறுதேர்வில் எதிரே நின்றவர் அதேபோல் கையை எடுத்தார். என் கை தானாகவே அவர் நெஞ்சருகே போய் நின்றது.

தேர்வு நாளில் முதல் சில சுற்றுகள் அடிக்கப் பார்க்காமல் கைகளை உருட்டிக்கொண்டே இருங்கள். எதிராளியின் எடை எந்தக் கையில் சாய்கிறது என்று தெரிந்துவிடும். விலகிய கையைத் துரத்திப் போகாதீர்கள், நடுக்கோடு திறந்துவிடும். அதற்கு முன்பே உங்களைவிடக் கனமான ஒருவரோடு சில வாரமாவது பழகிவிடுங்கள். நம் உயரமும் எடையும் உள்ளவரோடு மட்டும் பழகினால், கையில் இருக்கும் இறுக்கம் நமக்கே தெரிவதில்லை.