சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் மழை, அந்தப் பக்கம் கச்சான் காற்று

நுவரெலியாவில் இரண்டு நாள். இரண்டு நாளும் மழை. ஆடி மாதத்தில் இப்படியா! யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. ஆடியில் கிணறு அடியைக் காட்டும். இங்கேயோ தென்மேல் பருவக்காற்று மே மாதம் பிடித்தால் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவை விடாது.

நானுஓயா ஸ்டேஷனில் இறங்கியபோதும் கொட்டியது. அதைப் பார்த்துத்தான் ஆட்டோக்காரர் 2500 ரூபா கேட்டார். எட்டுக் கிலோமீட்டருக்கு! கெஞ்சி 1800க்கு இறக்கினேன். ஒரு நாள் சாப்பாட்டுக் காசு. இன்னும் வயிறெரிகிறது.

மூன்றாம் நாள் கோச்சி ஏறினேன், மூன்றாம் வகுப்பு. அம்பேவெல தாண்டியும் கண்ணாடிக்கு வெளியே வெறும் பனிப்புகார். பட்டிப்பொல வந்தது. 1891 மீற்றர், நாட்டிலேயே உயரமான ஸ்டேஷன். எதிரே இருந்த தோட்டத்து அம்மா, "பொந்து தாண்டினா வெயிலுதான் தம்பி, பாருங்க" என்றார். நான் நம்பவில்லை.

சுரங்கத்துக்குள் இருட்டு, டீசல் மணம், பிள்ளைகளின் கூச்சல். வெளியே வந்தால் நீல வானம்! கண்ணாடியில் ஒட்டியிருந்த மழைத்துளிகள் நடுங்கி நடுங்கிப் பின்னால் ஓடின. ஒஹியா வருமுன் ஒன்றுகூட இல்லை.

மேற்கிலிருந்து மலையேறும் காற்று குளிர்ந்து, தண்ணீரையெல்லாம் அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. முகட்டைக் கடந்து கிழக்கே ஊவா மாகாணத்துக்கு இறங்கும்போது சூடேறி வறண்டு போகிறது. அதுதான் கச்சான். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தருவதும் அதே காற்றுதான். "வாசம் ஏறும் தம்பி, ஆனா கொழுந்து கொறைஞ்சிரும். கிலோ வராட்டி அரைப்பேருதான்" என்றார் அம்மா. அந்த வாசத்துக்கு அவர் கொடுக்கும் விலை பாதி நாள் சம்பளம். எனக்குத் தொண்டை அடைத்தது.

ஆடி, ஆவணியில் வருகிறவர்கள் நுவரெலியாவில் காசைக் கரைக்காதீர்கள். நேரே சுரங்கம் தாண்டி ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல. மேற்கே ஹட்டன் பக்கம் போக மாசி, பங்குனி நல்லது. மார்கழியில் வடகீழ்க் காற்று வந்துவிட்டால் கதை தலைகீழ்: மழை பதுளைப் பக்கம்.

ஹப்புத்தளையில் இறங்கிச் சின்னக் கடையொன்றில் சாப்பிட்டேன். தேங்காய்ப்பூ போட்டுத் தடிப்பாகத் தட்டிய ரொட்டி, ஓரம் கருகியிருந்தது. மாசிக் கருவாடு இடித்த கட்டச்சம்பல் கண்ணில் நீர் வரவைத்தது. பிளேன்டீயோடு 300 ரூபா. நுவரெலியாவில் நனைந்த சப்பாத்தைக் கழற்றிக் கடை வாசல் வெயிலில் வைத்தேன். இரண்டாவது ரொட்டி முடியுமுன் நாடா மொறமொறவென்று காய்ந்திருந்தது.