ஐந்தாம் செமஸ்டர்: எடை நோட்டு இல்லாமல் இன்டர்ன்ஷிப் போகாதீர்கள்

ரிசல்ட் வந்துவிட்டது. வழக்கம்போல காஸ்ட் அக்கவுண்டிங்கில்தான் அரியர். அதே ஆட்கள் இன்டர்ன்ஷிப் ரிப்போர்ட்டை மட்டும் ஸ்பைரல் போட்டு, கலர் அட்டை வைத்துக் கொடுத்திருப்பார்கள். உள்ளே கம்பெனி வரலாறு, விஷன், மிஷன், ஒரு ஆர்கனைசேஷன் சார்ட். கணக்கு ஒரு பக்கம்கூட இருக்காது. இன்டர்ன்ஷிப் வேறு, பரிட்சை வேறு என்று பிரித்துப் பார்ப்பதில்தான் எல்லாக் கோளாறும். சேலத்தில் பி.காம் படிக்கிறவர்களுக்கு பிராசஸ் காஸ்டிங் (பொருள் படிப்படியாக உருவாகும்போது ஒவ்வொரு படிக்கும் செலவு போடும் கணக்கு) தெருவிலேயே கிடக்கிறது.

ஒரே ஒரு பொருள் வாங்குங்கள்: நீளமான ரூல்டு நோட்டு. ஆறு கட்டம் போடுங்கள். தேதி, உள்ளே போன எடை, வெளியே வந்த எடை, குறைவு, திரும்பக் கிடைத்த கழிவு, கூலி. தினமும் ஆறையும் நிரப்புங்கள். இடம் எதுவாக இருந்தாலும் சரி, இந்த நோட்டை நிரப்ப விடுகிற இடமாக இருக்க வேண்டும். பெரிய ஆலையில் பாஸ் வாங்கிக்கொண்டு பார்வையாளர் மாதிரி சுற்றுவதைவிட, ஓனர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைக்கிற பட்டறை மேல். சர்டிபிகேட்டில் பேர் சின்னதாக இருந்தால் இருக்கட்டும்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறை என்றால் ஒரு எச்சரிக்கை. எடையை மட்டும் எழுதினால் கணக்கு உங்களை ஏமாற்றும். உதாரணத்துக்கு, 1,000 கிராம் சுத்த வெள்ளி கொடுத்து 1,220 கிராம் கொலுசு திரும்பி வந்தது என்று வையுங்கள். சேதாரம் போக எடை கூடியிருக்கிறதே என்று குழம்புவீர்கள். கலப்பு உலோகமும் பற்றவைப்புப் பொடியும் சேர்ந்ததால் கூடியது அது. டச் (நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்பது) 80 என்றால் 1,220-ஐ 0.80 ஆல் பெருக்குங்கள், 976 கிராம் சுத்தம். உண்மையான குறைவு 24 கிராம். அதனால் வெள்ளிக்கு மட்டும் ஏழாவதாக டச் கட்டம் வேண்டும். அரம் போட்ட தூளைக் கூட்டி எடுத்து மறுபடி உருக்குகிறார்கள் பாருங்கள், அதுதான் புத்தகத்தில் வரும் நார்மல் லாஸின் (தவிர்க்க முடியாத வழக்கமான இழப்பின்) ஸ்கிராப் மதிப்பு. ஒரு நாள் கண்ணால் பார்த்தவர்களுக்கு இது ஆயுசுக்கும் மறக்காது.

இப்போது பரிட்சைத்தாள். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான்: 1,000 கிலோ உள்ளே போகிறது, மொத்தச் செலவு ரூ.60,000. நார்மல் லாஸ் 10 சதவீதம், கழிவு கிலோ ரூ.6. கிடைத்தது 880 கிலோ.

நார்மல் லாஸ் 100 கிலோ, மதிப்பு 600. மீதி 59,400-ஐ 900 ஆல் வகுத்தால் கிலோ ரூ.66. அப்நார்மல் லாஸ் (வழக்கத்துக்கு மேல் போன இழப்பு) 20 கிலோ, 1,320. அடுத்த பிராசஸுக்கு 880 கிலோ, 58,080. மூன்றையும் கூட்டுங்கள், 60,000 வரும். உங்களுக்கு ரூ.67.50 வந்தால் 880 ஆல் வகுத்திருக்கிறீர்கள். வகுக்க வேண்டியது வந்திருக்க வேண்டிய எடையால், வந்த எடையால் அல்ல. அந்த 20 கிலோவுக்கும் கழிவு விலை உண்டு: 120 ரூபாயை அப்நார்மல் லாஸ் கணக்கில் கிரெடிட் செய்து, 1,200-ஐ மட்டும் லாப நட்டக் கணக்குக்கு அனுப்புங்கள். இந்த 120-ஐ விட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

ஜவ்வரிசி ஆலை இதைவிட அருமையான இடம், ஆனால் மே மாதம் போய்ப் பயனில்லை. மரவள்ளிக் கிழங்கு வரத்து ஓய்ந்து, அரவை நின்றோ குறைந்தோ இருக்கும். செமஸ்டர் நடுவில் சனி, ஞாயிறு போக அனுமதி கேளுங்கள். ஆத்தூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது லேசு. கிழங்குக்கு விலை எடைக்கு மட்டும் இல்லை, மாவுச்சத்துப் பாயிண்டுக்கும் சேர்த்துத்தான். ஆகவே பாயிண்டைக் குறிக்காத நோட்டு வீண். திப்பி (மாவு எடுத்த பிறகு மிஞ்சும் சக்கை) தனியாக விலை போகிறது, அது பை-புராடக்ட், அதாவது துணைப்பொருள். அதன் வருமானத்தைப் பிரதானப் பொருளின் செலவில் கழித்துக் காட்டத் தெரிந்தால் ஒரு கேள்வி முடிந்தது.

பொருளியல் மாணவர்கள் இதே கிழங்கில் சிலந்தி வலைத் தேற்றத்தை (விலை பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்குவதை விளக்குவது) பிடிக்கலாம். நடவு நடந்து கிழங்கு வெட்ட ஒன்பது, பத்து மாதம் ஆகும். போன பருவத்து விலையை நம்பித்தான் இந்தப் பருவத்து நடவு. 1981-இல் தொடங்கிய சேகோசர்வ் என்ற ஜவ்வரிசி உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் டெண்டர் முறையில் விற்பனை நடக்கிறது. ஜவ்வரிசி விலையை 90 கிலோ மூட்டைக் கணக்கில் எடுத்து மாதவாரியாக வரைந்து பாருங்கள். படம் போடும்போது, அளிப்புக் கோடு தேவைக் கோட்டைவிடச் செங்குத்தாக இருந்தால்தான் விலை சமநிலைக்கு ஒடுங்கும். மாற்றிப் போட்டு விளக்கத்தை மட்டும் சரியாக எழுதுகிறவர்களுக்கு மார்க் போகும்.

ஆடிட்டர் ஆபீஸ் கிடைத்தால் சேரும் தேதிதான் எல்லாம். ஒன்றாம் தேதி சேருங்கள்.

1 முதல் 11 வரை: விற்பனை பில் பதிவு, ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்).
14: 2பி (சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல்) வரும். கொள்முதல் பில்லோடு ஒப்பிடும் வேலை.
20: ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டும் ரிட்டர்ன்).
மே மாதமானால் 31-க்குள் ஜனவரி–மார்ச் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்த வருமான வரி) தாக்கலும் பார்க்கலாம்.

பதினைந்து நாள்தான் கிடைக்கும் என்றால் 6-இல் சேர்ந்து 20-இல் முடியுங்கள். 21-இல் சேர்ந்தவருக்கு பைல் அடுக்கும் வேலைதான். 2பி ஒத்துப்போகாத பில்களை நான்கு வகையாகப் பிரித்து எண்ணி எழுதுங்கள்: சப்ளையர் ஏற்றாதது, ஜிஎஸ்டி எண் தப்பு, மாதம் மாறியது, பில் எண் டைப்பிங் பிழை. ஒரு பக்க அட்டவணை போதும், வைவாவில் வேறெதுவும் கேட்க மாட்டார்கள். கேட்டால் இ-வே பில் (சரக்கு வண்டியோடு போகும் மின்னணுச் சீட்டு) எந்த மதிப்புக்கு மேல் வேண்டும் என்று கேட்பார்கள். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய், மகாராஷ்டிரத்துக்குப் போகிற லோடுக்கு 50,000.

ஏற்காட்டுக்காரர்கள் எஸ்டேட்டுக்குப் போகலாம். மே மாதம் காப்பிப் பழம் இருக்காது, செக்ரோல் (தொழிலாளர் வருகை, கூலிப் பதிவேடு) இருக்கும். காப்பிக்கும் சில்வர் ஓக்கில் ஏறியிருக்கும் மிளகுக்கும் களை வெட்டு, உரம் எல்லாம் பொதுச் செலவு. அதை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று கேளுங்கள். பல இடத்தில் பிரிப்பதே இல்லை. அதுவும் ஒரு நல்ல கண்டுபிடிப்புதான். கோடை விழா வாரத்தில் மட்டும் கீழேயிருந்து தினம் போய் வரத் திட்டம் போடாதீர்கள், 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டிகள் நிற்கும்.

கேள்விப்பட்டியல் புராஜெக்ட் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. செய்தே ஆக வேண்டுமென்றால் கை-ஸ்கொயரில் (இரண்டு விஷயங்களுக்குத் தொடர்பு உண்டா என்று பார்க்கும் புள்ளியியல் சோதனை) எந்தக் கட்டத்திலாவது எதிர்பார்ப்பு எண் 5-க்குக் கீழே இறங்கினால் பக்கத்துக் கட்டத்தோடு சேருங்கள். 3×4 அட்டவணைக்கு டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 6, ஐந்து சதவீத மட்டத்தில் அட்டவணை மதிப்பு 12.592. கட்டங்களைச் சேர்த்த பிறகு டிகிரி குறையும்; பழைய எண்ணையே வைத்து முடிவு எழுதியவர்களைத்தான் எக்ஸ்டர்னல் முதலில் பிடிப்பார்.

ஹாலுக்குள்:
– கணக்குத்தாளில் முதலில் எல்லாக் கணக்குக்கும் பார்மேட் மட்டும் போடுங்கள். டேலி ஆகாவிட்டாலும் அதற்கு மார்க் உண்டு.
– ஒர்க்கிங் நோட்ஸ் அதே பக்கத்தில். கடைசிப் பக்கத்தில் போட்டால் யாரும் தேடிப் போக மாட்டார்கள்.
– படத்துக்கு அச்சுப் பெயர் எழுதாமல் அடுத்த பக்கம் திருப்ப வேண்டாம்.
– டேலி ஆகாத கணக்குக்கு எட்டு நிமிடத்துக்கு மேல் கிடையாது.
– இன்கம் டாக்ஸ் பேப்பருக்கு சீனியரின் பழைய கைடை அப்படியே எடுக்காதீர்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம்; முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு இரண்டும் போய் வரி ஆண்டு என்று ஒன்றுதான். உங்கள் பேட்சுக்கு எந்தச் சட்டம் என்று துறையில் கேட்டுவிட்டுப் புத்தகம் வாங்குங்கள்.

சர்டிபிகேட்டைக் கடைசி நாளன்றே வாங்கிவிடுங்கள். ஆரம்பத் தேதி, முடிவுத் தேதி, சீல், கையெழுத்து நான்கும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். எடை நோட்டின் ஒவ்வொரு வாரக் கடைசியிலும் ஓனரிடம் ஒரு கையெழுத்து வாங்கி வைத்தால், வைவாவுக்கு ரிப்போர்ட்டோடு அந்த நோட்டையும் எடுத்துப் போகலாம்.