மஸ்டரில் விழுந்த அரை

கட்டட காண்டிராக்டர் ஒருவரிடம் டைம்கீப்பராகப் பதினோரு வருடம் இருந்தேன். காலையில் ஆள் எண்ணி மஸ்டரில், அதாவது வருகைப் பதிவேட்டில், ஏற்றுவது, சனிக்கிழமை சாயங்காலம் கூலி போடுவது, நடுவில் சிமெண்ட் மூட்டைக் கணக்கு. இவ்வளவுதான் வேலை.

சண்டே ஸ்கூலில் எனக்குச் சொல்லித் தந்த தேவனுடைய ராஜ்யம், செத்த பிறகு போகிற ஊர். கொஞ்சம் வளர்ந்ததும் பைபிளில் லூக்கா 17:21 கிடைத்தது: "தேவனுடைய ராஜ்யம் உங்களுக்குள் இருக்கிறதே." சரி, மனசுக்குள் என்று வைத்துக்கொண்டேன். இரண்டுமே எனக்கு வசதி. ஊரானாலும் மனசானாலும் சைட்டுக்குள் அதற்கு வேலை இல்லை. உடன் வேலை பார்த்த கத்தோலிக்க நண்பர் ஒருநாள் தன் திருவிவிலியத்தில் அதே வசனத்தைக் காட்டினார். "இறையாட்சி உங்கள் நடுவேயே செயல்படுகிறது" என்று இருந்தது. ராஜ்யம் போய் ஆட்சி, உள்ளே போய் நடுவே. மூலத்தில் இருக்கிற கிரேக்கச் சொல்லை இரண்டு விதமாகவும் எடுக்கலாம். எனக்கு அந்த 'நடுவே' பிடிக்கவில்லை. நடுவே என்றால் எனக்கும் சித்தாளுக்கும் நடுவேயும்தானே.

எங்களுக்கு ஆள் வருவது பாலத்தடி முக்கிலிருந்து. ஆறு மணிக்கே தூக்குச்சட்டியோடு வந்து நிற்பார்கள். மேஸ்திரி முதலில் இளவட்டங்களைப் பொறுக்குவார். கடைசிவரை நிற்பது வயசானவர்களும் கைக்குழந்தைக்காரிகளும்தான். மத்தேயு 20-ல் இயேசு சொல்லும் கதையில், காலையிலிருந்தே ஆள் பிடிக்கிற திராட்சத்தோட்டத்துக்காரன் சாயங்காலம் ஐந்து மணிக்கும் போய், பகல் முழுவதும் சும்மா நிற்கிறதென்ன என்று கேட்கிறானே, அதற்கு வருகிற பதில் "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை." இதைச் சோம்பேறிகள் சொல்லும் சாக்கு என்று பிரசங்கித்தவர்களையும் கேட்டிருக்கிறேன். அவர்கள் பாலத்தடிக்கு ஒருநாள் வந்து பார்த்திருக்கலாம்.

ஐப்பசியில் ஒருநாள் பதினோரு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. விட்டால் வேலை ஓட்டலாம் என்று ஆட்களை மூன்று மணிவரை சிமெண்ட் ஷெட்டிலேயே உட்கார வைத்தோம். மழை விடவில்லை. கம்பெனி வழக்கப்படி அரை நாள் போட்டேன். வயசான சித்தாள் ஒருத்தி கேட்டாள்: "மூணு மணி வரைக்கும் நாங்க சும்மாவா தம்பி உக்காந்திருந்தோம்? நீங்கதானே இருக்கச் சொன்னீங்க?"

பதில் சொல்லாமல் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

அந்த 'சும்மா' ராத்திரி தூங்கவிடவில்லை. தோட்டக்காரன் "என்னுடையதை நான் என் இஷ்டப்படி செய்ய எனக்கு அதிகாரமில்லையா" என்று கேட்டுவிட்டு ஒரு மணி நேரக்காரனுக்கும் முழுக் கூலி கொடுத்தான். எனக்கு அந்த அதிகாரம் இல்லை. பெட்டியில் இருப்பது முதலாளி காசு. அப்படியானால் தோட்டத்தில் நான் யார்? கதையில் அந்த ஆளும் இருக்கிறான். "வேலையாட்களை அழைத்துக் கூலி கொடு" என்று எஜமான் சொல்வது தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரனிடம். அவனுக்குப் பேச ஒரு வார்த்தைகூடக் கிடையாது. கூலியைச் சாயங்காலமே கொடுக்க வேண்டும், கடைசியில் வந்தவர்களிடமிருந்து தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

சாயங்காலமே என்பதும் சும்மா வந்ததல்ல. பொழுது போகுமுன் கூலியாளின் கூலியைக் கொடுத்துவிடு என்று பைபிளில் உபாகமம் 24-ல் இருக்கிறது. நாங்களோ ஏழு மணிக்கு மேல்தான் மேசை போடுவோம். முதலில் கொத்தனார், பிறகு சுமை தூக்கும் ஆண்களான பெரியாள், கடைசியில் பெண்களான சித்தாள். பெண்கள் பஸ்ஸைப் பிடிக்கும்போது சந்தையே முடிந்திருக்கும். இதை மாற்ற யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஐந்தரைக்கு மேசை, முதலில் சித்தாள். கொத்தனார்கள் முணுமுணுத்தார்கள். வேதத்திலும் இந்த இடத்தில் முணுமுணுப்பு வரும் என்பதால் எனக்கு உள்ளுக்குள் சிரிப்புதான்.

பெரியாளுக்கும் சித்தாளுக்கும் தலைச்சுமை ஒன்றுதான், கூலி வேறு. சம ஊதியச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. அதைப் பற்றிப் பேசிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. மழைக்குக் காத்திருக்க வைத்தால் முக்கால் நாள் என்பதற்கு மட்டும் இன்ஜினியர் தலையாட்டினார், அதுவும் இரண்டு மாதம் கழித்து.

அந்த வாரத்து மஸ்டரில் அரை அரையாகவே இருக்கிறது. அந்த அம்மா அதன் பிறகு எங்கள் சைட்டுக்கு வரவில்லை. பாலத்தடி வழியாகப் போகும்போது இன்றும் வண்டியை மெதுவாக்கிப் பார்ப்பேன்.