மிதிக்கும் காலுக்கு ஏற்ற துளை இயந்திரம்

கதவு நிலைக்கும் யன்னல் சட்டத்துக்கும் கழுந்து (பொருத்துவதற்காக மரத்தின் முனையில் சீவிவிடும் நாக்கு) இறங்குகிற துளையை அடிக்கும் கால்மிதி இயந்திரத்தில் அரைநாள் நின்று வேலை செய்தவருக்குக் கைதான் கடைசியாகக் களைக்கும். மிதிக்கிற காலின் தொடை முதலில் இறுகும். அதற்குப் பிறகு, உடம்பின் பாரம் முழுவதையும் தாங்கி ஒரே இடத்தில் ஊன்றி நிற்கும் மற்றைய காலும் அந்தப் பக்கத்து இடுப்பும் வலியெடுக்கும். கொழும்பு ஆமர் வீதிக்கு அருகில் உள்ள ஒரு தச்சுப் பட்டறையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பொருத்துனராக நான் வேலை செய்த காலத்தில், அப்படிப்பட்ட ஒரு பழைய இயந்திரத்தைத் திருத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. அந்த வேலையில் நான் கற்றுக்கொண்டவற்றில் முதன்மையானது, மிதிக்கிறவரின் உடம்பு செலவழிக்கும் பலத்தில் மரத்தை வெட்டுவதற்குப் போவது எவ்வளவு, இயந்திரத்தின் குறைகளுக்குத் தண்டமாகப் போவது எவ்வளவு என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதாகும்.

அந்த இயந்திரம் பட்டறையின் பின்பக்கத்தில் பலகைகளுக்கு நடுவே நெடுங்காலம் கிடந்தது. 2022ஆம் ஆண்டு மின்வெட்டு நீண்டுகொண்டே போய், மார்ச் 31 அன்று 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இருக்காது என்று அறிவிக்கப்பட்ட நிலைமை வந்தபோதுதான் அது வெளியே எடுக்கப்பட்டது. பட்டறையில் இருந்த மின் துளை இயந்திரம், நான்கு பக்கமும் விளிம்பு கூரான சதுர உளிக்குள் துளைப்பான் சுழலும் வகையைச் சேர்ந்தது. மோட்டர் நின்றால் அது வெறும் இரும்பு. மின்பிறப்பாக்கியை ஓட்டலாம் என்றாலும், டீசலுக்காக எரிபொருள் வரிசையில் ஒருவரை நாள் முழுவதும் நிறுத்திவைக்கும் வசதி சிறிய பட்டறைக்கு இல்லை. ஒப்புக்கொண்ட வேலைகளோ காத்திருந்தன.

இயந்திரத்தின் அமைப்பு எளிமையானது. வார்ப்பிரும்புத் தூணின் முன்பக்கத்தில் செங்குத்தான ஒரு காடி உண்டு. உளியைப் பிடித்திருக்கும் தண்டு அதற்குள் ஏறி இறங்கும். மிதிபலகையிலிருந்து போகும் இணைப்புக் கம்பி, தூணின் மேலே உள்ள நெம்புகோலை இழுத்துத் தண்டைக் கீழே தள்ளும். காலை எடுத்ததும் ஒரு ஸ்பிரிங் அதை மேலே தூக்கும். மரம் ஒரு சிறிய மேசையில் பூட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு மிதிக்கும் இடையில் கைச்சக்கரத்தைத் திருப்பி அதைச் சற்று நகர்த்த வேண்டும். துளையின் ஒரு முனையிலிருந்து மற்ற முனைக்கு வெட்டிக்கொண்டு போன பின்பு, உளியை அரைவட்டம் திருப்பினால் அதன் தட்டையான முகம் அந்த முனைச் சுவரைச் செங்குத்தாகச் சீவிக்கொடுக்கும்.

பட்டறையின் மூத்த பாஸ், அதாவது மூத்த தச்சர், யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்தவர். கொட்டாப்புளி என்னும் மரச் சுத்தியலும் உளியும் கொண்டு துளையடித்தே வளர்ந்த கை அவருடையது. இயந்திரத்தைச் சிறிது நேரம் மிதித்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "தம்பி, கீழ போகேக்க ஸ்பிரிங்கோட மல்லுக்கட்ட வேண்டிக் கிடக்கு. மரத்தோட இல்லை." அந்தக் கூற்றைச் சோதிக்க, மீன் நிறுக்கும் தொங்குதராசு ஒன்றைத் தண்டின் கீழ்முனையில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். உளியும் பிடிப்பும் சேர்ந்த தண்டு ஏறத்தாழ 12 கிலோ. அதை நேராகப் பிடித்துத் தொங்கிய ஸ்பிரிங் மேல்நிலையில் 20 கிலோவும், தண்டு 10 சென்ரிமீற்றர் கீழே இறங்கிய நிலையில் 50 கிலோவும் மேல்நோக்கி இழுத்தது. தண்டின் சொந்தப் பாரத்தைக் கழித்தால் அடிநிலையில் 38 கிலோ மிஞ்சுகிறது. மிதிபலகை 20 சென்ரிமீற்றர் இறங்கினால் தண்டு 10 சென்ரிமீற்றர் இறங்கும் என்பதால், காலுக்கு வருவது அதில் பாதி, 19 கிலோ. மரமே இல்லாமல் வெறுமனே மிதித்தாலும் ஒவ்வொரு மிதியின் முடிவிலும் கால் அந்த 19 கிலோவைக் கொடுத்தாக வேண்டும். உளி ஆழத்தில் இருக்கும் அந்தக் கட்டத்தில்தான் மரமும் அதிக பலத்தைக் கேட்கிறது.

ஸ்பிரிங்கை மாற்றிவிட்டால் போதும் என்று எவருக்கும் தோன்றும். ஆனால் முன்பு இந்த இயந்திரத்தை வைத்திருந்தவர் எவரோ இவ்வளவு விறைப்பான ஸ்பிரிங்கைத் தேடிப் பிடித்துப் பொருத்தியிருக்கிறார் என்றால் அதற்குத் தேவை இருந்திருக்க வேண்டும். தேவை எது என்பது முதிரை மரத் துண்டு ஒன்றை மேசையில் பூட்டி வெட்டியவுடன் தெரிந்தது. ஆழமாக இறங்கிய உளி மரத்தில் இறுகிக்கொண்டு மேலே வர மறுத்தது. அதைப் பிடுங்கி எடுக்கத்தான் அந்த ஸ்பிரிங். ஆகவே காலுக்கு ஏறியிருந்த சுமையின் வேர் உளி இறுகுவதில் இருந்தது. உளி இறுகுவதற்கான காரணத்தை அதற்கும் பின்னால் தேட வேண்டியிருந்தது.

தண்டைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தால் உளிநுனி இரு பக்கமும் நகர்வது கண்ணுக்கே தெரிந்தது. காடியின் பக்கங்கள் தேய்ந்திருந்தன. அதுவும் சீராகத் தேயவில்லை, தண்டு அதிகமாக உரசும் கீழ்ப்பகுதியில்தான் தேய்மானம் கூடுதலாக இருந்தது. அதனால் உளி ஒவ்வொரு முறையும் சற்றே வேறு கோணத்தில் இறங்கி, தான் வெட்டிய சுவரிலேயே போய் அழுந்தியது. இதற்கு மேல் உளியைத் திருப்பும் இடத்திலும் ஒரு குறை இருந்தது. அரைவட்டம் திருப்பிய பின்பு உளியை நிறுத்திப் பிடிக்கும் ஆணியின் துளை, ஆண்டுக்கணக்கான அடியில் முட்டை வடிவமாக விரிந்திருந்தது. உளியின் முகம் துளையின் நீளத்துக்குச் செங்குத்தாக நிற்காமல் சற்றுத் திரும்பி நின்றால், அரை அங்குல உளியின் மூலைகள் அரை அங்குலத்தைவிட அகலமான வழியைக் கேட்கும். துளைச் சுவர்கள் படிப்படியாகக் கிழிந்தபடி அமைவதும், கழுந்தை நுழைத்தால் ஒரு இடத்தில் இறுகி இன்னொரு இடத்தில் ஆடுவதும் இதனால்தான்.

இந்த இரண்டையும் சரிசெய்வது பொறுமையான வேலை, கடினமான வேலை என்று சொல்ல முடியாது. காடியின் தேய்ந்த பக்கத்தை அரத்தால் நேராக்கி, தண்டுக்கும் காடிக்கும் இடையே பித்தளைப் பட்டை ஒன்றை வைத்து, பின்னாலிருந்து திருகாணிகளால் அதை முன்னே தள்ளிக்கொள்ளும்படி செய்தோம். பித்தளை தேய்ந்தால் திருகாணியைச் சற்று இறுக்கினால் போதும். அந்தப் பக்கத்து வார்ப்பிரும்பு இனித் தேயாது. ஆணித் துளையை லேத் பட்டறையில் துளையைச் சீவிச் சீராக்கும் கூம்பு றீமர் கொண்டு சுத்தப்படுத்தி, அதற்கேற்ற கூம்பு ஆணியைப் போட்டோம். நேரான ஆணி தேயத் தேய ஆட்டம் கூடும். கூம்பு ஆணியோ தேய்ந்தால் இன்னும் கொஞ்சம் உள்ளே போய் இறுகிக்கொள்ளும். அடியும் அதிர்வும் நாள் முழுவதும் விழுகிற இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான ஆணி இல்லை என்பது என் அபிப்பிராயம்.

அதன் பிறகு உளி. பழைய உளியின் பக்கங்களில் கறள் பிடித்துச் சொரசொரப்பு ஏறியிருந்தது. வெட்டும் விளிம்பைத் தீட்டுவதில் காட்டும் அக்கறையைப் பலர் பக்கங்களில் காட்டுவதில்லை. துளை உளியைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான், ஏனெனில் ஆழத்தில் இருக்கும்போது மரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பில் பெரும்பங்கு பக்கங்களுடையது. எண்ணெய்க்கல்லில் தேய்த்துப் பக்கங்களைப் பளபளப்பாக்கியதோடு, விளிம்பிலிருந்து மேலே போகப் போக உளியின் அகலம் மயிரளவு குறையும்படி தேய்த்தோம். விளிம்பு வெட்டிய வழியில் உடல் உரசாமல் போய்வர அந்த மயிரளவே போதும். அகலத்தை இதைவிடக் குறைத்தால் உளி மரத்தின் நார் போகும் பக்கம் சாயத் தொடங்கும். வேலைக்கு நடுவே மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றை உளியின் பக்கங்களில் தேய்த்துவிடுவது பாஸின் பழைய வழக்கம். முதிரையில் அதன் பயன் உடனே தெரியும். தேக்கில் வேறொரு சிக்கல். அந்த மரத்தில் இயல்பாகவே சிலிக்கா இருப்பதால் விளிம்பு விரைவில் மழுங்கும். மழுங்கிய உளி நாரை வெட்டாமல் நசுக்கும். நசுங்கிய நார் மீண்டும் விரிந்து உளியைப் பிடிக்கும். ஆகவே தேக்கு வேலையில் அடிக்கடி தீட்டுவதும் காலுக்குச் செய்யும் உதவிதான்.

உளி இறுகுவது இவ்வாறு குறைந்த பின்பே ஸ்பிரிங்கில் கை வைத்தோம். புது ஸ்பிரிங் வாங்க, உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போகத் தேவை ஏற்படவில்லை. இருந்ததையே இடம் மாற்றினோம். தண்டை நேராகப் பிடித்திருந்த ஸ்பிரிங்கைக் கழற்றி, மேல் நெம்புகோலின் சுழல்முனைக்கும் தண்டு முனைக்கும் சரி நடுவில் மாட்டினோம். பாதித் தூரத்தில் இருப்பதால் அதன் இழுவையில் பாதிதான் தண்டுக்குப் போய்ச் சேரும். அதேவேளை, தண்டு 10 சென்ரிமீற்றர் இறங்கும்போது ஸ்பிரிங் 5 சென்ரிமீற்றர் மட்டுமே நீளும். இவ்விரண்டும் ஒன்றையொன்று பெருக்குவதால், தண்டில் உணரப்படும் விறைப்பு நான்கில் ஒன்றாகிறது. முன்கூட்டியே 34 கிலோ வரை இழுத்து மாட்டியபோது, தண்டின் மேல்நிலையில் 17 கிலோவும் அடிநிலையில் 24 கிலோவுக்குச் சற்று மேலும் கிடைத்தன. நெம்புகோலின் பாரத்தையும் உராய்வையும் ஒதுக்கிவைத்துக் கணக்குப் பார்த்தால், மிதியின் முடிவில் காலுக்கு வருவது 19 கிலோவிலிருந்து ஏறத்தாழ 6 கிலோவாகக் குறைந்தது. ஸ்பிரிங் அதன் பழைய அதிகபட்ச இழுவையான 50 கிலோவைத் தாண்டவும் இல்லை. விறைப்பான ஸ்பிரிங்கைச் சுழல்முனைக்கு அருகில் கொண்டுபோனால் இழுவை குறைவதைவிட விறைப்பு வேகமாகக் குறைகிறது என்பது, மிதிபலகை உள்ள எந்த இயந்திரத்துக்கும் பொருந்தும் கணக்கு.

மிதிபலகையில் செய்த மாற்றம் இரண்டு. இணைப்புக் கம்பியின் நீளத்தைக் கூட்டி, பலகை அடிநிலையில் தரையிலிருந்து 10 சென்ரிமீற்றர் உயரத்தில் நின்றதை 3 சென்ரிமீற்றருக்கு இறக்கினோம். அதனால் மேல்நிலையும் 30இலிருந்து 23 சென்ரிமீற்றராகக் குறைந்தது. முழங்காலை ஒவ்வொரு முறையும் அந்த 7 சென்ரிமீற்றர் கூடுதலாகத் தூக்குவது மரத்துக்கு எந்த விதத்திலும் பயன்படாத வேலை. மற்றையது, வலது காலுக்கென்று மட்டும் இருந்த சிறிய பலகையை நீக்கி, இயந்திரத்தின் அகலம் முழுவதற்கும் ஒரு பலாக் கட்டையைக் குறுக்கே பொருத்தியது. இப்போது எந்தக் காலாலும் மிதிக்கலாம். எல்லாத் திருத்தங்களிலும் மிகக் குறைந்த செலவில் செய்தது இதுவே. மிதிக்கிறவர்கள் மனதாரப் பாராட்டியதும் இதைத்தான். ஒரு கால் ஊன்றி மற்றக் கால் மிதிக்கும் வேலையில், கால்களை மாற்றிக்கொள்ள முடிவதே பாதி ஓய்வு.

இந்த வகை இயந்திரத்தின் முன்னோடிகளைத் தேடியபோது இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் கடற்படைத் தளத்தில் மார்க் இசம்பார்ட் புரூனெல் வடிவமைத்து, ஹென்றி மோட்ஸ்லி செய்துகொடுத்த கப்பிக் கட்டை இயந்திரங்களைப் பற்றி அறிந்தேன். பாய்க்கப்பல்களுக்கான மரக் கப்பிகளில் சக்கரம் பொருந்தும் துளையை, மேலும் கீழும் போய்வரும் உளியால் வெட்டிய இயந்திரமும் அவற்றுள் ஒன்று. 1808இல் அந்த ஆலை ஆண்டுக்கு 1,30,000 கப்பிக் கட்டைகளைச் செய்துகொண்டிருந்தது. அவற்றை ஓட்டியது நீராவி. ஆகவே அங்கே ஒருவரின் தொடைவலியைக் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கவில்லை. எனினும் அவர்களுடைய வழிமுறையில் ஒன்று எங்களுக்கு நேரடியாக உதவியது. உளி இறங்குவதற்கு முன்பே துளையின் தொடக்கத்தில் ஒரு வட்டத் துளையைப் போட்டுவிடுவார்கள். முதல் வெட்டில் மரத்துகள் ஒதுங்க இடமில்லாததால்தான் உளி அதிகமாகத் திணறுகிறது. கைத்துளைப்பானால் ஒரு துளையை முதலில் போட்டுவிட்டு அதிலிருந்து வெட்டத் தொடங்கினால், ஒவ்வொரு சீவலும் அந்த வெற்றிடத்துக்குள் சரிந்து விழும். மிதிக்கிறவருக்குத் தொடக்கமே இலகுவாக அமையும்.

இவ்வளவும் செய்த பின்பு மிதிக்கும் முறையையும் மாற்ற வேண்டியிருந்தது. விறைப்பான ஸ்பிரிங்கோடு பழகியவர்கள் மெதுவாக, உடம்பைச் சாய்த்து அழுத்துவதையே வழக்கமாக்கிக்கொண்டிருந்தார்கள். தண்டின் 12 கிலோ வேகத்தோடு இறங்கினால் அந்த வேகமே மரத்துக்குள் வேலை செய்யும். மெதுவாக அழுத்தினால் அந்த வேகத்தின் பயன் கிடைக்காது. பயிற்சிக்கு வந்திருந்த இளைஞரிடம் பாஸ் பக்கத்தில் நின்று, "அமத்தாதை தம்பி, வீசி மிதி, மிதிச்ச உடனை காலை விடு" என்று சொல்லிக்கொண்டேயிருப்பார். உளி மரத்துக்கு மேலே வந்த அந்த இடைவெளியில் கைச்சக்கரம் 3 மில்லிமீற்றர் அளவு நகர வேண்டும். அதற்கு முன்பே நகர்த்தினால் உளி வளையும், பிந்தினால் காலின் தாளம் முறியும். மகோகனியில் இந்த நிதானம் விரைவில் பிடிபடும். பலாவில் நார் பின்னிக்கொண்டிருக்கும் இடங்களில் நகர்வைப் பாதியாகக் குறைக்க வேண்டும்.

மின்சாரம் சீரான பின்பு பெரிய எண்ணிக்கையிலான வேலைகள் மீண்டும் மின் இயந்திரத்துக்கே போயின, அதுவே நியாயம். நூறு யன்னல் சட்டங்களைக் காலால் துளைக்கச் சொல்வதை எந்தத் திருத்தத்தாலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் பழைய கதவொன்றுக்கு ஒற்றைச் சட்டம் மாற்றும் வேலை, அளவு பொருந்தாத விசித்திரத் துளை, ஒரு நாற்காலிக்கான நான்கு துளைகள் போன்றவற்றுக்குப் பட்டறையில் இருப்பவர்கள் தாங்களாகவே கால்மிதி இயந்திரத்தின் பக்கம் போகிறார்கள். இன்னும் சரிசெய்ய வேண்டியது மேசையின் உயரம். இப்போது அது பாஸின் உயரத்துக்குப் பொருந்துகிறது; பயிற்சி இளைஞர் அவரைவிட ஒரு சாண் உயரமானவர் என்பதால் மரத்தில் கீறிய கோட்டைக் குனிந்தே பார்க்கிறார். தூணில் மூன்று நிலைகளுக்குத் துளை போட்டு மேசையை ஏற்றி இறக்கலாம், ஆனால் மேசை ஏறினால் உளியின் தொடக்க நிலையும் அதே அளவு ஏற வேண்டும், அப்படி ஏற்றும்போது மிதிபலகையின் உயரம் கூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்காக இணைப்புக் கம்பியை இரண்டாக வெட்டி, நடுவில் இருபுறமும் மரை வெட்டிய ஒரு குழாயைப் போட அளவெடுத்து வைத்திருக்கிறேன்.