15 வயது பைக்: ஆர்சி புதுப்பிப்பு ஆய்வில் எங்கே மாட்டும்?

பதினைந்து வருடம் முடியப்போகும் பைக்கை வாங்குகிறவர்கள் இன்ஜின் சத்தத்தைத்தான் கேட்கிறார்கள். ஆர்டிஓ ஆபீஸில் வண்டி திரும்பி வருவது பெரும்பாலும் சில்லறை விஷயங்களுக்குத்தான்.

முதலில் சேஸிஸ் எண், அதாவது வண்டிச் சட்டத்தில் பொறித்த எண். ஹேண்டில் கழுத்தில் துருவும் பெயின்ட்டும் மூடியிருந்தால் எண் தெரியாது. டீசல் தடவி ஊறவிட்டு துணியால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், எண் மழுங்கினால் திருத்தினார்களோ என்று சந்தேகம் வரும், அது பெரிய தலைவலி.

அடுத்து பின் பிரேக் லைட். பல்பை மாற்றியும் எரியாவிட்டால் பெடலோடு இணைந்த சுவிட்சின் ஸ்பிரிங்கைப் பாருங்கள். தளர்ந்திருக்கும், அல்லது கழன்றே போயிருக்கும். டயர் பள்ளம் 0.8 மி.மீ.க்குக் குறையக்கூடாது. நடுப்பகுதிதான் முதலில் தேயும், அங்கே அளக்கவும். முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் 'டக்' என்று நின்றால் கோன் செட் (ஹேண்டில் கழுத்து பேரிங்) போய்விட்டது.

புகைச் சோதனையில், 2000 மார்ச்சுக்குப் பிறகு வந்த பிஎஸ்-3 (பாரத் ஸ்டேஜ் புகைத் தரம்) வரையிலான ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு வரம்பு 3.5%. அடைத்த ஏர் ஃபில்டர், பாதி இழுத்த சோக் இரண்டுமே அதை ஏற்றிவிடும். பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு சோதனைக்கு நிறுத்துங்கள்.

ஆர்சி புதுப்பிப்பு விண்ணப்பமான படிவம் 25-ஐ காலாவதிக்கு முந்தைய 60 நாட்களுக்குள் கொடுக்கலாம். பழைய கடன் பதிவு ஆர்சியில் இருந்தால் அதை முதலில் நீக்குங்கள். புதுப்பித்தால் ஐந்து வருடம்.